ஏழாவது கார்பன்

காந்தளை எல்லோரும் நிறத்துக்காகப் பார்க்கிறார்கள். நான் முதலில் அதன் இலை நுனியைப் பார்க்கச் சொல்வேன். ஈட்டிபோல் ஒடுங்கி வரும் இலை, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் மெல்லிய சுருளாகி, பக்கத்துச் செடியைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பாகலுக்கும் பீர்க்குக்கும் பற்றுக்கம்பி என்று தனி உறுப்பு உண்டு. காந்தளுக்கு அது வாய்க்கவில்லை. இலையின் கடைசி அங்குலத்தையே கையாக்கிக்கொண்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போகும் சாலைகளில், ஐப்பசி மழை பிடித்த பிறகு வேலியோரமாக நடந்தால் முள்ளையும் புதரையும் பற்றி ஏறி நிற்கும் இந்தக் கொடியைக் காணலாம். கண்வலிக்கிழங்கு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆடு மாடு மேய்ப்பவர்கள் அதை விலக்கி ஓட்டுவார்கள்.

பூவுக்கு வருவோம். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே ஏறும். விளிம்பெல்லாம் நெளிவு. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆகச் சிவப்பு கீழிறங்கி மஞ்சளை முழுதும் விழுங்கிவிடும். ஒரே கொடியில் பச்சை மொட்டு, இருநிறப் பூ, முழுச்சிவப்பு என்று மூன்று வயதும் ஒன்றாக நிற்கும்.

பூவின் நடுவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சூலகத்திலிருந்து புறப்படும் சூல்தண்டு நேரே நீளாமல், அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் போய்விடுகிறது. மகரந்தத் தாள்கள் ஆறும் ஒரு பக்கமாக விரிந்திருக்க, மூன்று கிளையாகப் பிரிந்த சூல்முடி அவற்றுக்கு எட்டாமல் வெளியே நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேலேயே விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வேறொரு பூவிலிருந்து தூள் கொண்டுவந்து தடவினால்தான் நல்ல காய் பிடிக்கும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. அவர் வடக்கிருந்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று, இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிறது. மலையும் மலை சார்ந்த நிலமும் பாடியவரின் நினைவிடத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. இந்தப் பொருத்தத்தை வரலாறாக்க எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் காந்தளைப் பற்றி எழுதும்போது அவரைத் தாண்டிப் போகவும் முடியவில்லை. சங்கப் புலவர்கள் இந்தப் பூவில் பெண்ணின் விரலைக் கண்டார்கள், தீயின் கொழுந்தைக் கண்டார்கள். பூவுக்கும் கீழே, மண்ணுக்குள்ளும் விதைக்குள்ளும் நடப்பதைப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

மண்ணைக் கிளறினால் கலப்பைபோல் இரண்டு கையாக வளைந்த கிழங்கு கிடைக்கும். கையின் நுனியில்தான் முளை. நுனி முறிந்த கிழங்கை நட்டால் துளிர்க்காது என்பதால், இதைப் பயிராக்குபவர்கள் பச்சைக்குழந்தையைத் தூக்கும் பக்குவத்தோடு அதைக் கையாள்கிறார்கள். கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்சிசின் என்ற ஆல்கலாய்டு. விதையில்தான் கூடுதல், அதுவும் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தொடுவது அரிது. இந்தச் சிறு அளவே ஆளைக் கொல்லப் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் கோல்சிசின் மாத்திரை அரை மில்லிகிராம். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இவ்வளவு ஒடுங்கிய இடைவெளி உள்ள பொருள்கள் குறைவு. அதனால் கிழங்கை யாரும் கைவைத்தியமாகத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

1820இல் பாரிசில் பெல்லத்தியேவும் காவந்துவும் கோல்சிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து இதைப் பிரித்தார்கள். கொய்னாவை அவர்கள் பிரித்ததும் அதே ஆண்டில்தான். கோல்சிகமும் நம் காந்தளும் ஒரே குடும்பம். கீல்வாதத்தில் கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் வலிக்கு அது பழைய மருந்து. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்பு முதலிய இதயநோய் ஆபத்தைக் குறைக்கவும் சிறு அளவுக் கோல்சிசினை ஏற்றது. இது வேலை செய்யும் விதமும் அழகுதான். நம் உயிரணுக்களுக்குள் டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழல்களாகிறது. உயிரணு பிரிவதும், வெள்ளையணுக்கள் வீக்கம் உள்ள இடத்துக்கு நகர்ந்து போவதும் இந்தக் குழல்களால்தான். கோல்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு அடுக்கு வளராமல் நிறுத்திவிடும். சொல்லப்போனால் டியூபுலின் அகப்பட்டதே இந்த ஒட்டுதலால்தான். 1967இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கக் குறியிட்ட கோல்சிசினை விட்டு, அது போய் ஒட்டிய புரதத்தைப் பிடித்தார்கள். காந்தள் தன் நஞ்சால் தானே ஏன் சாகவில்லை என்ற கேள்விக்கும் இங்கே பாதி விடை உண்டு: செடிகளின் டியூபுலின் விலங்குகளுடையதைப்போல் கோல்சிசினுக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை.

இனித்தான் நான் ரசிக்க வந்த இடம்.

ஆல்கலாய்டு என்பது பெரும்பாலும் அமினோ அமிலங்களிலிருந்து செடி கட்டும், நைட்ரஜன் ஏறிய சேர்மம். கோல்சிசினுக்கு மூலப்பொருள் இரண்டே: ஃபினைல்அலனின், டைரோசின். இரண்டும் பருப்பிலும் பாலிலும் இருப்பவை, நம் உடம்பிலும் ஓடுபவை. இரண்டிலும் ஆறு கார்பன்கள் கைகோத்த வளையம் ஒன்று இருக்கிறது. ஆனால் கோல்சிசினின் ஒரு மூலையில் ஏழு கார்பன் வளையம் நிற்கிறது! இதுதான் வேதியியலாளர்களை நூறாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. 1945இல் மைக்கேல் டூவர் என்பவர்தான் அங்கே ஏழு கார்பன் கொண்ட டிரோபோலோன் வளையம் இருக்க வேண்டும் என்று துணிந்து சொன்னார். அப்புறம் எழுந்த கேள்வி இன்னும் கடினம். ஆறோடு புறப்பட்டது ஏழாக வந்தது எப்படி? வந்த அந்த ஒன்று எங்கேயிருந்து வந்தது?

1960களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஆலன் பாட்டர்ஸ்பி முதலியோர் கதிரியக்கக் கார்பனால் குறியிட்ட மூலப்பொருள்களைச் செடிக்கு ஊட்டி, குறியிட்ட கார்பன் கடைசியில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று தேடினார்கள். கிடைத்த விடை வியப்பானது. டைரோசினிலிருந்து வரும் பாதியில், வளையத்துக்கு வெளியே இரண்டு கார்பன் கொண்ட ஒரு குட்டைச் சங்கிலி தொங்குகிறது. அதன் ஒரு முனை வளையத்தில், மறுமுனை நைட்ரஜனில். கடைசிக் கட்டத்தில் அந்த இரண்டு கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது. வளையத்தை ஒட்டியிருந்த கார்பன் உள்ளே நுழைகிறது, ஆறு ஏழாகிறது. மற்றது நைட்ரஜனோடு நின்றுவிடுகிறது.

கும்மியில் ஆறு பெண்கள் வட்டமாக அடித்துக்கொண்டிருக்க, வெளியே தோழியின் கையைப் பிடித்து நிற்கும் ஏழாமவளை வட்டத்துக்குள் இழுத்துவிட்டால் அவள் தோழியின் கையை விட்டுவிட்டுத்தானே உள்ளே வருவாள்? தோழி வெளியே தனியாக நிற்பாள். வட்டம் ஒரு நொடியும் அறுந்து நிற்காது. செடி செய்வது ஏறத்தாழ இதுதான். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. கையருகே இருந்ததை இடம் மாற்றியிருக்கிறது. இந்தச் சிக்கனம்தான் எனக்குப் பூவின் சிவப்பைவிடப் பெரிய அழகாகத் தோன்றுகிறது.

அந்த இழுப்பைச் செய்யும் கை யாருடையது என்பது தெரிய மேலும் அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சேட்லியின் ஆய்வுக்கூடத்தில் ரையன் நெட் முதலியோர் 2020இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் காந்தளை. அதன் மரபணுத் தொகுதி அப்போது முழுதாகப் படிக்கப்படவில்லை. காந்தளுக்குள் மரபணுவை மாற்றிப் பார்க்கும் வழியும் இல்லை. எந்த நொதி எந்த வேலையைச் செய்கிறது என்று முன்கூட்டித் தெரிந்தது ஒன்றுமில்லை. பிறகு எப்படி? செடியின் எந்தப் பகுதியில் கோல்சிசின் சேர்கிறதோ அங்கே எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். வேதிப்பாதையின் தர்க்கப்படி அடுத்து வர வேண்டியது மெத்தில் ஏற்றும் நொதியா, ஆக்சிஜன் ஏற்றும் நொதியா என்று யோசித்து, அந்த வகை மரபணுக்களைப் பொறுக்கினார்கள். பிறகு அவற்றைப் புகையிலையின் தம்பியான நிக்கோட்டியானா பெந்தமியானா என்ற ஆஸ்திரேலியச் செடியின் இலையில் ஓடவிட்டார்கள்.

ஓடவிடும் முறையும் தனி நேர்த்தி. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவுக்குத் தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் செலுத்தும் பிறவித் திறமை உண்டு. அதற்குள் காந்தளின் மரபணுவை வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை இலையின் அடிப்புறத்தில் அழுத்தித் தள்ளினால், இலையில் ஈரத்திட்டு ஒன்று பரவும். சில நாளில் அந்தத் திட்டு காந்தளின் நொதியைச் செய்யத் தொடங்கும். அதற்கு மூலப்பொருளைக் கொடுத்து, இலையை அரைத்து, நிறை அளக்கும் கருவியில் பார்ப்பார்கள். மூலக்கூறின் எடை பதினான்கு கூடியிருந்தால் ஒரு மெத்தில் ஏறியிருக்கிறது. பதினாறு கூடியிருந்தால் ஓர் ஆக்சிஜன். அந்தப் படி தேறிவிட்டால் அடுத்த மரபணுவைச் சேர்க்கலாம்.

இப்படிப் படிப்படியாக எட்டு மரபணுக்கள் கிடைத்தன. ஏழாம் கார்பனை உள்ளே இழுக்கும் கை, சைட்டோகுரோம் பி450 என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதி. நம் கல்லீரலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற உதவும் நொதிகளும் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் இப்படி வளையத்தைப் பெருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே புதுச்செய்தி. அதற்கு முந்தைய பி450 நொதி ஒன்று இரண்டு பாதிகளின் வளையங்களையும் நேரடியாகக் கோத்துவிடுகிறது. அது கோத்துக் கொடுத்த பிறகே இது இழுக்க முடியும். வரிசை மாறினால் வேலை நடக்காது.

கடைசியில் மொத்தம் பதினாறு நொதிகளை ஒரே இலையில் சேர்த்து ஓடவிட்டார்கள். பெந்தமியானா தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஃபினைல்அலனினையும் டைரோசினையும் எடுத்து, ஏழு கார்பன் வளையம் முழுமையாக உள்ள என்-ஃபார்மில்டெமிகோல்சினைச் செய்து கொடுத்தது. அந்தப் பெயரில் உள்ள ஃபார்மில் வேறு யாரும் இல்லை. கும்மியில் வெளியே நின்றுவிட்ட தோழிதான், இன்னும் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதைக் கழற்றி, ஒரு மெத்திலை நீக்கி, ஓர் அசிட்டைலை ஏற்றினால் கோல்சிசின்.

சங்கராபுரத்து வீட்டு வாசல்களில் நிற்கும் நித்தியகல்யாணியிலும் இதற்கு இணையான நுட்பம் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து வின்பிளாஸ்டின். அது கேதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் சேர்ந்து உருவாவது. கனடாவின் புரோக் பல்கலைக்கழகத்தில் வின்சென்சோ டி லூக்காவின் குழு 2010இல் காட்டியது இது: கேதரந்தினை இலை தன் மேல்புற மெழுகில் வெளியே தள்ளி வைக்கிறது, விண்டோலினோ உள்ளே, தனித்த உயிரணுக்களில். இரண்டும் சந்திப்பதே அரிது. அதனால்தான் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை தேவைப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் தாயான ஸ்ட்ரிக்டோசிடின் உயிரணுவின் நுண்குமிழில் கிடக்க, அதை உடைக்கும் நொதி அணுக்கருவுக்குள் காத்திருக்கிறது. புழு கடித்து இரண்டும் கலந்தால் மட்டுமே நஞ்சு புழுவின் வாயில் வெடிக்கும். 2022இல் மைக்கேல் கிராக் யென்சனும் ஜே கீஸ்லிங்கும் சேர்ந்த குழு 34 மரபணுக்களை ஈஸ்டுக்குள் ஏற்றி, மொத்தம் 56 திருத்தங்கள் செய்து, கேதரந்தினையும் விண்டோலினையும் சர்க்கரையிலிருந்து செய்ய வைத்தது. இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கியது ஆய்வுக்கூட வேதியியல். செடி பிரித்து வைத்ததை மனிதர்கள் ஒரு குடுவையில் சேர்த்துவைத்தார்கள்.

ஆய்வுக்கூடத்தின் நேர்த்தியைப் புகழ்ந்துவிட்டு வயலை மறந்துவிட முடியாது. உலகுக்குக் கோல்சிசின் தரும் காந்தள் விதையில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து போகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து வறட்டு மண்ணிலும், வேதாரண்யத்து மணலிலும் இதைப் பயிராக்குகிறார்கள். கம்பி கட்டி, முள்ளை ஊன்றி, இலை நுனிகள் பிடித்து ஏற வழி செய்து கொடுக்கிறார்கள். பூக்கும் மாதங்களில் காலை வேளையில் வரிசை வரிசையாகக் குனிந்து, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் மடங்கிய சூல்முடியில் கையால் தடவிவிடுகிறார்கள். செடி தன்மேல் தானே தூவிக்கொள்ளாமல் ஒதுங்கி நின்றதன் விலையைக் கொடுப்பது இந்த முதுகுகள்தான். தை மாசியில் காய் வெடிப்பதற்கு முன் பறித்து, ஆரஞ்சு நிற விதையை உரித்துக் காயவைக்கிறார்கள். விலையோ வெளிநாட்டு நிறுவனங்களின் தேவையைப் பொறுத்து ஓர் ஆண்டு ஏறும், மறு ஆண்டு படுத்துவிடும்.

ஆய்வுக்கூடம் வயலை விழுங்கிவிடுமா என்று கேட்டால், தென்னாற்காட்டுக்காரர்களுக்கு ஒரு பழைய நினைவு வர வேண்டும். இந்த மண்ணில் அவுரி பெரும் பயிராக இருந்தது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த சில ஆண்டுகளிலேயே அவுரித் தொட்டிகள் வற்றின. அதற்கு எதிர்க்கதையும் உண்டு. மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் செய்ய கீஸ்லிங்கின் ஈஸ்டை வைத்துச் சனோஃபி நிறுவனம் 2013இல் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. வயலில் விளைந்த மாசிபத்திரி இனச் செடியின் விலை அதற்குள் விழுந்துவிட, ஈஸ்டால் போட்டிபோட முடியவில்லை. சில ஆண்டுகளில் அந்த ஆலை கைமாறியது. ஆகவே ஈஸ்டுத் தொட்டி வந்தால் வயல் போய்விடும் என்று முடிவுகட்டவும் முடியாது, வயல் எப்போதும் நிற்கும் என்று நம்பவும் முடியாது. மலையிலும் வேலியிலும் காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்பது நிற்குமானால், அந்த ஒன்றுக்காகவே நான் இலைத் தொழிற்சாலையை வரவேற்பேன். மூலனூர்க்காரரின் வருமானம் வேறு கணக்கு. அது மரபணுக் கூடத்தில் தீராது.

இன்னொரு கணக்கும் தீரவில்லை. 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டம், இந்நாட்டின் செடியை எடுத்து லாபம் பார்ப்பவர்கள் பயனைப் பகிர வேண்டும் என்கிறது. ஆனால் இப்போது கிழங்கு கடல் கடக்க வேண்டியதே இல்லை. மரபணுவின் எழுத்து வரிசை கணினியில் கிடக்கிறது. வேண்டியவர் வேண்டிய இடத்தில் அதைச் செய்துகொள்ளலாம். 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிரியற் பன்மை மாநாடு இதற்காகவே ஒரு நிதியம் அமைத்தது. எழுத்து வரிசையைப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அதில் பணம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கட்டாயமில்லை, விருப்பம்தான். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ மூலனூர் விவசாயிக்கோ அதிலிருந்து ஒரு ரூபாய் வந்து சேரும் வழி இன்னும் நீளம்.

பெந்தமியானா இலையில் கிடைப்பது ஆய்வுக்குப் போதும், கடைக்குப் போதாது. அடுத்த முயற்சி ஈஸ்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பி450 நொதிகள் முரண்டு பிடிக்கும். செடிக்குள் வசதியாக உட்கார்ந்து பழகியவை, ஈஸ்டின் சவ்வில் சரியாக அமர வேண்டும், அவற்றுக்கு எலக்ட்ரான் ஊட்டும் துணைப் புரதம் பக்கத்தில் வேண்டும். கோல்சிசினோ ஈஸ்டைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதன் டியூபுலினும் மசியாத வகை. தொட்டிக்குத் தீனி சர்க்கரை. சங்கராபுரத்துக்கு வடக்கே தென்பெண்ணைக் கரையில், மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு நிற்கிறது. ஏழாம் கார்பனை இழுக்கும் அந்த நொதி என்றாவது ஒரு நாள் இந்தக் கரும்பின் சர்க்கரையிலும் வேலை செய்யலாம். அதற்கு வேதியியல் குறுக்கே நிற்கவில்லை. தொட்டியில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தேறும் என்பதுதான் பாக்கி.